ஜாம் ஆன எஞ்சினைப் பிரித்தல்: சுத்தியலை எடுப்பதற்கு முன் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றைப் பிரிக்க உட்கார்ந்தபோது, அதன் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) மூன்று டிகிரி அளவுக்கு இப்படியும் அப்படியும் ஆடியது. அதற்கு மேல் நகரவில்லை. ஆடுகிறதே, கொஞ்சம் தட்டினால் விட்டுவிடும் என்று நினைத்து, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். பிஸ்டன் தலையில் மரக்கட்டையை வைத்து அரை மணி நேரம் அடித்தும் பிஸ்டன் அசையவில்லை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்ப் பேரிங்கில் மட்டும் உருளைகளின் தடம் வரிசையாகப் பதிந்துவிட்டது. அந்தத் தவற்றுக்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட முறையைக் கீழே எழுதுகிறேன். ஹெட்டைக் கழற்றுவது, கேஸ்கெட்டைச் சுரண்டுவது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: உண்மையிலேயே பிஸ்டன்தான் பிடித்திருக்கிறதா?

கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிராங்கைத் திருப்பிப் பாருங்கள். பிளக் துளை வழியாகத் தண்ணீரோ பெட்ரோலோ பீறிட்டு வந்து கிராங்க் சுற்றிவிட்டால், உள்ளே நிறைந்திருந்த திரவம்தான் தடை, பிஸ்டன் பிடித்திருக்கவில்லை. அப்போதும் சுற்றாவிட்டால் கிளட்ச் பக்க மூடியையும் மேக்னட் பக்க மூடியையும் திறந்து, உடைந்த துண்டு ஏதாவது பற்சக்கரங்களுக்கிடையே சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே ஒன்றும் இல்லையென்றால் ஹெட்டைக் கழற்றுங்கள்.

சிலிண்டர் சுவரில் செம்பழுப்புத் துரு படிந்திருந்தால் அது ஈரத்தால் வந்த பிடிப்பு. எஞ்சின் நின்றபோது ஏதாவது ஒரு வால்வு திறந்திருந்தால் ஈரக்காற்று அதன் வழியே உள்ளே போய், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைச் சுவரோடு ஒட்டவைத்துவிடும். துரு இல்லாமல், சுவரில் நெடுக்குவாட்டில் கீறல்களும் வெள்ளி போல் பூசிய அலுமினியமும் தெரிந்தால், ஆயில் இல்லாமலோ சூடேறியோ பிஸ்டனே உருகி ஒட்டியிருக்கிறது என்று பொருள். முதல் வகை பொறுமைக்குக் கட்டுப்படும். இரண்டாவது வகையில் பிஸ்டன் பெரும்பாலும் மீளாது. கிராங்கையும் ராடையும் காப்பாற்றுவதே நோக்கமாக இருக்கட்டும்.

படி 2: பிஸ்டன் நிற்கும் இடம்

நான் சறுக்கியது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் உச்சியிலிருந்து அடிவரை போகும் தூரம், 50 மில்லிமீட்டர் உள்ள எஞ்சினில் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது கிராங்கை 10 டிகிரி திருப்பினால், பிஸ்டன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் இறங்கும். அதே கிராங்க், ராடுக்குக் குறுக்காக நிற்கும் நடுவழியில் 10 டிகிரி திரும்பினால், பிஸ்டன் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் நகரும். ஆகவே உச்சியில் அல்லது அடியில் நிற்கும் பிஸ்டனைக் கிராங்க் வழியாகத் திருப்பி அசைப்பது எளிது. மேலிருந்து அடித்து அசைப்பது முடியாத காரியம். ராடும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், சுத்தியல் அடியின் விசை சுழற்சியாக மாறாமல் நேராகப் பேரிங்குக்குள் இறங்கும். நடுவழியில் நிற்கும் பிஸ்டனுக்கு இது தலைகீழ்: அடி பலிக்கும், கிராங்கைத் திருப்புவதற்குத்தான் பெரும் பலம் வேண்டும்.

நான் பார்த்து ஏமாந்த மூன்று டிகிரி ஆட்டத்தின் காரணமும் இதுவே. பேரிங்கில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஐந்து பங்கு இடைவெளி இருந்தாலே, உச்சியில் கிராங்க் அந்த அளவுக்குத் தாராளமாக ஆடும். பிஸ்டன் கல்லாய் இறுகியிருக்கும். ஆடுவது கிராங்கா பிஸ்டனா என்பதை அறிய, பிஸ்டன் விளிம்பை ஒட்டிச் சுவரில் மார்க்கரால் ஒரு மெல்லிய கோடு போட்டுவிட்டு ஆட்டிப் பாருங்கள்.

படி 3: ஊறவைத்தல்

பிஸ்டனுக்கு மேலே தெரியும் துருவை முதலில் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, தூளைத் துணியால் முழுவதும் எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் பிஸ்டனை மேலே நகர்த்தினால், ரிங்குகள் அந்தத் துரு மேட்டில் ஏறி மீண்டும் சிக்கிக்கொள்ளும்.

அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலையும் சம அளவில் கலந்து ஊற்றுவது என் விருப்பம். இவை இரண்டும் தாமாகப் பிரிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கியே ஊற்ற வேண்டும். டபிள்யூடி-40 பலருக்குக் கைப்பழக்கம். ஆனால் அது அடிப்படையில் ஈரத்தை விலக்குவதற்காக உருவானது. வெளிப்புறத் திருகுகளுக்கு அதைப் பயன்படுத்துவேன். ரிங்குகளைத் தாண்டி இறங்க வேண்டிய இந்த வேலைக்கு அதை நம்ப மாட்டேன். ஊற்றிய திரவத்தின் மட்டம் மறுநாள் இறங்கியிருந்தால், அது ரிங்குகளுக்கிடையே வழி கண்டுபிடித்துவிட்டது என்று அறியலாம். எனக்கு அது நான்காம் நாளில்தான் நடந்தது.

மட்டம் இறங்காவிட்டால் சூடு உதவும். அதற்கு முன் அசிட்டோன் கலவையை முழுவதும் உறிஞ்சி எடுத்து, ஆவியும் போகும்வரை காற்றோட்டமான இடத்தில் திறந்து வையுங்கள். அது எளிதில் தீப்பற்றும். பிறகு ஹீட் கன்னால் சிலிண்டரைச் சுற்றிலும் சீராகச் சூடாக்கி, தானாக ஆற விடுங்கள். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும், அதே அளவு சுருங்கவும் செய்யும். 50 மில்லிமீட்டர் விட்டத்தில் 100 டிகிரி செல்சியஸ் மாற்றத்துக்கு அலுமினிய பிஸ்டன் 0.11 மில்லிமீட்டரும், சிலிண்டரின் உட்சுவரான இரும்பு லைனர் அதில் பாதியும் மாறும். இந்த வேறுபாடுதான் துருவின் பிடியை உடைக்கிறது. ஆறியபின் மீண்டும் ஊற்றினால் எண்ணெய் அந்த விரிசல்களில் இறங்கும்.

படி 4: அசைத்தல்

பிஸ்டன் உச்சியிலோ அடியிலோ இருந்தால், கிராங்க் நட்டில் ஆறுமுனை சாக்கெட்டை மாட்டி, நீண்ட பிரேக்கர் பாரால் நட்டு இறுகும் திசையில் அழுத்துங்கள். அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துவிட்டு விடுங்கள், வெடுக்கென்று இழுக்காதீர்கள். எதிர்த் திசைக்கு ஃப்ளைவீலைப் பட்டை ஸ்பேனரால் பிடித்துத் திருப்புங்கள். இம்பாக்ட் கன்னை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்: ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் கிராங்க் துண்டுகளாக அழுத்திப் பொருத்தப்பட்டிருப்பதால், அதிர்வில் அது முறுக்கிக்கொள்ளும். கிக்கரை ஏறி மிதிப்பதும் வேண்டாம், பற்கள்தான் உடையும்.

பிஸ்டன் நடுவழியில் இருந்தால், அதன் விட்டத்தைவிடச் சற்றுச் சிறிய கடின மரக்கட்டையை வைத்து, தலையின் நடுவில் இல்லாமல் ஓரத்தை ஒட்டிச் சுற்றிச் சுற்றி மிதமாகத் தட்டுங்கள். முதல் அசைவு மார்க்கர் கோட்டில்தான் தெரியும், கைக்குத் தெரியாது. அசைந்தவுடன் முன்னே தள்ளாமல், வந்த வழியே திரும்பக் கொண்டுபோய், எண்ணெய் விட்டு, மறுபடி கொஞ்சம் கூடுதலாக நகர்த்துங்கள். எனக்கு நான்கு நாள் ஊறலுக்குப் பிறகு இந்த வேலை இருபது நிமிடம்கூட எடுக்கவில்லை.

படி 5: எதற்கும் மசியாவிட்டால் கிரீஸ் கன்

ஹெட்டைத் திரும்ப மாட்டி, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களைக் கழற்றி வால்வுகள் இரண்டையும் மூடிய நிலையில் வைத்து, பிளக் துளையில் பொருந்தும் இணைப்பு வழியாகக் கிரீஸை நிரப்பி அழுத்துங்கள். கிரீஸ் அமுங்காது என்பதால் விசை முழுவதும் பிஸ்டன் மீது சீராக விழும். பிஸ்டன் உச்சியில் நின்றால், சுத்தியலைப் போலவே இதுவும் பயனற்றது. அழுத்தப்பட்ட காற்றை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்; பிஸ்டன் விடுபடும் கணத்தில் தேங்கிய ஆற்றல் முழுவதும் ஒரே நேரத்தில் பாயும். கிரீஸ் கசியும் இடத்தில் விரலையும் வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் அது தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிரீஸ் முறையைச் செய்தபோது எல்லாம் சைலன்சர் துளை வழியாக வெளியேறிவிட்டது என்று எழுதியிருந்தார். அந்த வகையில் துளைகள் சிலிண்டர் சுவரிலேயே இருப்பதால், பிஸ்டன் அவற்றை முழுவதும் மூடி நின்றால் மட்டுமே அழுத்தம் நிற்கும். இல்லாவிட்டால் மரக்கட்டைதான் வழி. இன்னொருவருக்கு பிஸ்டன் விடுபட்டபின், கிராங்கிலிருந்து வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் பல் தாவிச் சிக்கியிருந்தது. ஹெட்டைக் கழற்றியபின் கிராங்கைச் சுற்றும்போதெல்லாம், செயினை ஒரு கம்பியால் மேலே இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். இதை முதலிலேயே எழுதாமல் விட்டது என் தவறு.

பிஸ்டன் வெளியே வந்தபின் கிராங்கேஸ் முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவி, உதிர்ந்த துருத்தூளை அகற்றுங்கள். பிறகு ராடை நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடலாம். மேல்கீழாகக் கைக்கு ஆட்டம் தெரிந்தால் கீழ்ப் பேரிங்கை மாற்றாமல் எஞ்சினைப் பூட்டாதீர்கள்.