மெல்பேர்னுக்குப் போய் வைன் சுவைக்கும் திருகோணமலைக்காரர் செய்யக்கூடாதவை

பிள்ளைகளைப் பார்க்க மெல்பேர்ன் போனால், ஏதாவதொரு சனிக்கிழமை யாரா பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போகாமல் விடமாட்டார்கள். நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரம். டி போர்ட்டோலி போன்ற பெரிய தயாரிப்பாளர்களின் திராட்சைத் தோட்டமும் சுவைக்கும் கூடமும் அங்கே உண்டு. நம்மவர்கள் அங்கே செய்யும் தவறுகளில் பாதி, வைனைச் சாராயம்போல் குடிப்பதால் வருபவை.

ஊற்றித் தருவது 20, 30 மில்லிலீற்றர்தான். அதை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுக் கிளாஸை நீட்டக்கூடாது. முதலில் மணக்க வேண்டும், பிறகு வாய்க்குள் உருட்ட வேண்டும், பிறகு பக்கத்திலுள்ள பாத்திரத்தில் துப்பலாம். துப்பினால் மரியாதையில்லை என்று கூச்சப்படாதீர்கள்; வைன் செய்பவர்களே துப்புகிறார்கள். விழுங்கினால் ஐந்து வகையிலேயே 100, 150 மில்லிலீற்றராகிவிடும். விக்டோரியாவில் கார் ஓட்டுபவரின் இரத்தத்தில் மதுசாரம் 0.05 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், புதிதாக லைசன்ஸ் எடுத்தவருக்குப் பூச்சியம். ஓட்டி வந்த மருமகனிடம் "ஒரு வாய் குடியும் தம்பி" என்று வற்புறுத்தும் மாமாமாரை என்னால் மன்னிக்க முடியாது.

சென்ற், சித்தாலேப இரண்டும் அன்றைக்கு வேண்டாம். கட்டைச் சம்பலோடு காலைச் சாப்பாடும் வேண்டாம். உறைப்பு ஏறிய நாக்குக்கு எல்லா வைனும் ஒன்றுதான்.

இனிப்பு வைனை முதலில் கேட்பது இன்னொரு தவறு. அதற்குப் பிறகு வருவதெல்லாம் வெறும் புளிப்பாகத் தெரியும். இனிப்பில்லாத மெல்லியது, பிறகு ஓக் மரப் பீப்பாயில் ஊறிய சார்டனே என்ற வெள்ளை வைன், கடைசியில் இனிப்பு. டி போர்ட்டோலியின் 'நோபிள் வன்' அப்படிக் கடைசியில் வரவேண்டியது. 1982இல் தொடங்கிய இந்த வைன், பூஞ்சணம் பிடித்த செமில்லன் திராட்சையில் செய்யப்படுகிறது. பூஞ்சணம் என்றதும் கிளாஸைத் தள்ளிவைத்துவிடாதீர்கள். தோலைத் துளைத்துப் பழத்தின் நீரை வற்றவைக்கும் நல்ல பூஞ்சணம் அது. இனிப்பும் மணமும் உள்ளே திரண்டு நிற்கும்.

அந்தத் திராட்சை நீங்கள் யன்னலால் பார்க்கும் தோட்டத்துப் பழமல்ல. நியூ சவுத் வேல்ஸின் ரிவரீனாவில் விளைவது. 1928இல் டி போர்ட்டோலி குடும்பம் தொழில் தொடங்கிய இடமும் அதுதான். பெரிய நிறுவனம் பல ஊர்ப் பழங்களை வைனாக்கும், பெட்டியில் அடைத்த மலிவு வைனும் விற்கும். அதனால் "பெரிய கொம்பனி, எல்லாம் ஒரே சரக்கு" என்று முடிவுகட்டுவதும் பிழை. எஃகுத் தாங்கியில் செய்த வெள்ளை வைனையும் பீப்பாயில் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டுக் குடித்துப் பாருங்கள். கேட்டால் தருவார்கள், கேட்காமல் வருவதுதான் நம்மவர் வழக்கம்.

வாங்கிய போத்தலை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். ஊருக்குக் கொண்டுவருவதென்றால் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டிக்குள் உடுப்பால் சுற்றி வையுங்கள். வீட்டில் அலுமாரிக்கு மேல் காட்சிக்கு வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் திருகோணமலை வெக்கை எந்த வெள்ளை வைனையும் சில வாரங்களில் கெடுத்துவிடும். பிரிட்ஜுக்குள் வைத்து, சீக்கிரம் குடித்துவிடுங்கள். குடிக்கக் கால் மணி நேரம் முன்பே வெளியே எடுங்கள், அதிகம் குளிர்ந்தால் மணம் வராது. ஐஸ்கட்டி போடவே வேண்டாம். நண்டுக்கறிக்கு ஓக் வாசமுள்ள சார்டனே சரிவராது, லேசாக இனிக்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனைத் திறவுங்கள்.