காந்த மனிதரைச் சோதிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சித்திரை மாதத்தில் கும்பகோணம் பக்கம் யார் நெஞ்சில் எவர்சில்வர் கரண்டியை அழுத்தி வைத்தாலும் கொஞ்ச நேரமாவது நிற்கும். வியர்வைப் பிசுபிசுப்பு அப்படி. ஆகவே "எங்க ஊர்ல ஒருத்தர் உடம்பே காந்தம்" என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தால், ஏமாற்று வேலை என்று எடுத்த எடுப்பிலேயே பாயாதீர்கள். கரண்டி நிஜமாகவே ஒட்டுகிறது. அவரும் பெரும்பாலும் நிஜமாகவே நம்புகிறார். நாலு பேர் பைக்கில் போய், ஒட்டுவதைப் பார்த்து வாயைப் பிளந்து, செல்ஃபி எடுத்துத் திரும்புவதுதான் வழக்கம். ஒட்டவைப்பது காந்தமா, தோலா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

முதல் சறுக்கல் எடுத்துப்போகும் சாமான்களில். சாதாரணக் காந்தம் இழுப்பது இரும்பு, நிக்கல், கோபால்ட், இவை கலந்த சில உலோகங்கள், அவ்வளவுதான். எவர்சில்வரை நம்பவே கூடாது. ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு டம்ளர்களில் ஒன்றைக் காந்தம் இழுக்கும், இன்னொன்றைச் சீண்டாது. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தால் வீட்டிலேயே ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, இழுப்பது ஒரு பை, இழுக்காதது ஒரு பை என்று பிரித்துக்கொண்டு கிளம்புங்கள். இழுக்காத சாமானுக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் பித்தளை, டிகிரி காபி டபராவும் பித்தளை. நாணயங்களில் 1 ரூபாய் காந்தத்தில் ஒட்டும், 10 ரூபாய் ஒட்டாது. பித்தளைத் தட்டும் பத்து ரூபாயும் அவர் நெஞ்சில் அதேபோல நின்றால் விஷயம் பாதி முடிந்தது. சில வீடியோக்களில் பீங்கான் தட்டுகூட ஒட்டும். "பீங்கானையே இழுக்குதுப்பா!" என்று கூட்டம் இன்னும் அசந்துபோகும். பீங்கானை இழுத்தால் அது காந்தமில்லை என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது, நிற்கும் வாகு. கரண்டி ஒட்டும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், இடுப்பைப் பாருங்கள். ஆள் லேசாகப் பின்னால் சாய்ந்திருப்பார். கரண்டி மயிரில்லாத வழவழப்பான இடத்தில் துளி சறுக்கி, பிறகு நிற்கும். எடுத்ததும் அந்த இடத்தில் ஈர அச்சு பதிந்திருக்கும். "கொஞ்சம் முன்னாடி குனிங்கண்ணே" என்று கேட்டாலே பல சாமான்கள் விழுந்துவிடும். விழாவிட்டால் முகப்பவுடர். கஞ்சத்தனம் பண்ணாமல் நெஞ்சு முழுக்கப் பூச வேண்டும். அமானுஷ்ய சக்தி உண்டு என்பவர்களைச் சோதித்துப் பேர் வாங்கிய மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி, இப்படிப்பட்டவர்களுக்குப் பவுடர் பூசித்தான் சோதித்தார். பவுடர் வேண்டாம் என்பவருக்கு ஒரு மெல்லிய தாளை நடுவில் வையுங்கள். காந்தத்தின் இழுப்பு தாளைத் தாண்டிப் போகும். தோலின் பிசுபிசுப்பு போகாது.

மலேசியாவில் காந்த மனிதர் என்று பேர் வாங்கிய லியு தாவ் லின், வயிற்றில் ஒட்டிய இரும்புத் தகட்டில் சங்கிலி கட்டிக் காரையே இழுத்துக் காட்டியவர். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது அவர் உடம்பில் காந்தப்புலம் எதுவும் இல்லை, பிடிப்பெல்லாம் தோலில்தான் என்று தெரிந்தது. 2021-ல் கொரோனா தடுப்பூசி போட்டதும் கையில் நாணயம் ஒட்டுகிறது என்று கிளம்பிய வீடியோக்களும் இதே வகைதான்.

"ரத்தத்துல இரும்பு இருக்குல்ல?" என்று படித்தவர்களே கேட்பார்கள். இருக்கிறது, மொத்த உடம்பிலும் மூன்று நான்கு கிராம். ஆணியாக இல்லை, பெரும்பகுதி ஹீமோகுளோபினுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் இழுப்பதுகூட இல்லை, மிக லேசாக விலக்குகிறது. ரத்த இரும்பு அப்படி இழுபடும் என்றால் தஞ்சாவூர் ஸ்கேன் சென்டரில் 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தின் அளவு) எம்ஆர்ஐ-யின் பெரிய காந்தத்துக்குள் படுத்தவர் யாரும் எழுந்து வந்திருக்க முடியாது.

செல்போன் திசைகாட்டி ஆப்பை வைத்துக்கொண்டு குழம்புகிறவர்களும் உண்டு. டெல்டாவில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதாவது டெஸ்லாவில் பத்து லட்சத்தில் 40 பங்கு. மனித இதயம் உண்டாக்கும் காந்தப்புலம் பூமியுடையதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். போனுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் பீரோ, பைக், தூணுக்குள் இருக்கும் கம்பி எல்லாம் நன்றாகவே தெரியும். போனை ஆளிடம் கொண்டுபோனால் எண் தாறுமாறாக ஆடும், உடனே "சக்தி காட்டுது" என்பார்கள். நெல் காயப்போடும் களத்தில் போனை அசையாமல் வைத்துவிட்டு ஆளை நடந்து வரச் சொல்லுங்கள். அதற்கு முன் இரும்புக் காப்பு, சாவிக்கொத்து, தாயத்து எல்லாவற்றையும் கழற்றிவைக்கச் சொல்ல வேண்டும்.

ஒட்டுவதாகச் சொல்லாமல், "காந்தம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்பவரைச் சோதிப்பதுதான் நிஜமாகவே கஷ்டம். ஒரே மாதிரி இரண்டு டிபன் டப்பா. ஒன்றில் காந்தம், மற்றதில் அதே எடைக்குக் கல். எதில் காந்தம் என்பதை நாணயம் சுண்டித்தான் முடிவு செய்ய வேண்டும். மனசுக்குத் தோன்றியபடி வைத்தால் ஒரு ஒழுங்கு வந்துவிடும், எதிராளி பிடித்துவிடுவார். வைத்தவர் இடத்தை விட்டே போய்விட வேண்டும். விடை தெரிந்தவர் பக்கத்தில் நின்றால் கண்ணும் மூச்சும் காட்டிக்கொடுக்கும், அவருக்கே தெரியாமல்.

எத்தனை சரி என்றால் ஜெயிப்பு என்பதை முன்கூட்டியே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். 10 முறை சோதித்து 8 சரி என்று வைத்தால் ஏமாந்துபோவீர்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே நூற்றுக்கு ஐந்தாறு பேர் அதைத் தொட்டுவிடுவார்கள். திருவிழாக் கூட்டத்தில் 20 பேரைச் சோதித்தால் யாராவது ஒரு "சக்திமான்" கிடைக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. 20-க்கு 16 என்று வையுங்கள்; தற்செயலாக அதை எட்டுவது ஆயிரத்தில் ஆறு பேர்தான்.

நீரோட்டம் பார்ப்பவர்களிடம் நம் ஊர் ஏமாறுவதும் இந்தக் கணக்கில்தான். கவைக்குச்சி சுழன்ற இடத்தில் போர் போட்டால் தண்ணீர் வருகிறது. சரி, காவிரி வண்டலில் எங்கே போட்டால் வராது? தண்ணீர் வராத இடத்தையோ, வேதாரண்யம் பக்கம் உப்பில்லாத இடத்தையோ காட்டச் சொல்லுங்கள், அதுதான் சோதனை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது: டப்பா சோதனையைத் தொடங்கும் முன், எந்த டப்பாவில் காந்தம் என்று அவருக்கே காட்டிவிட்டு ஒருமுறை செய்யச் சொல்ல வேண்டும். "இன்னைக்குச் சக்தி சரியா இருக்காய்யா? இந்த இடம், இந்தக் கூட்டம் பரவாயில்லையா?" என்று கேட்டு, அவர் ஆமாம் என்றதையும் அதே தாளில் எழுதுங்கள். இல்லையென்றால் தோற்ற பிறகு "நம்பாதவங்க சுத்தி நின்னாங்க, சக்தி போயிடுச்சு" என்பார், உங்களிடம் பதில் இருக்காது. ஜெயித்துவிட்டாலோ? வேறு டப்பா, வேறு ஆட்களை வைத்து மறுநாள் இன்னொரு முறை செய்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர் யாராவது இருக்கிறாரா என்று பையைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இருந்தால் காந்தத்தை வெளியே எடுக்கவே வேண்டாம். சின்னப் பிள்ளைகள் கைக்கும் குட்டிக் காந்தங்கள் எட்டக் கூடாது. இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று கவ்வி ஓட்டை போட்டுவிடும்.