கிருஷ்ணகிரி கேஆர்பி டேம்ல பரிசல்ல போய் ஜிலேபி மீன் புடிக்கிறது எப்படி

கிருஷ்ணகிரி பக்கம் தூண்டில் போடுறவங்க பாதி பேரு இருட்டோட கெளம்பிடுறாங்க, ஜிலேபிக்கு அது தேவையே இல்லங்க. டேம் தண்ணி பச்சையா பாசி புடிச்சு கெடக்குற சமயத்துல ராத்திரி பூரா அந்தப் பாசியே தண்ணில இருக்கிற ஆக்சிஜன இழுத்துக்கும், அதனால விடியக்காலைல மீனு மேல வந்து வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும், இரைய சீண்டக்கூட சீண்டாது. வெயில் நல்லா ஏறுனப்புறம் தான் மேய ஆரம்பிக்கும், நாஷ்டா முடிச்சுட்டே போலாம்.

மீன்வளத்துறை ஆபீஸ்ல அனுமதி கேட்டுக்கோங்க, பரிசலுக்கு அங்கயே தொழில் பண்ற மீனவர் ஒருத்தர கூட்டிக்கோங்க. லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏறாதீங்க, ஷட்டர் பக்கமே போகக்கூடாது.

பரிசல்ல பெரிய தொல்லை என்னன்னா அது சுத்திக்கிட்டே இருக்கும், ஒரு கல்ல கட்டி எறக்குனா அந்தக் கயித்தையே சுத்தும், தக்கை ஒரு பக்கம் நீங்க ஒரு பக்கம்னு ஆயிடும். அதனால தண்ணில முங்கி நிக்கிற பட்ட மரம் எதுனா பாத்து அதுல ஒரு கயிறு, எதிர்ப்பக்கம் ஒரு கல்லுன்னு ரெண்டு பக்கமும் கட்டிடுங்க. மீனும் அந்த மரத்தடில தான் ஒதுங்கும். கருவேல முள்ளு மட்டும் பரிசல் அடில குத்தாம பாத்துக்கணும். ரெண்டு பேரும் ஒரே பக்கம் சாயாதீங்க, எந்திரிச்சு நிக்கிற வேலையே வேணாம்.

ஜிலேபிக்கு வாய் சின்னது, தூண்டில் முள்ளும் சின்னதா இருக்கணும், தூண்டில் கயித்துக்கு மெல்லிசு நரம்பு போதும். ஈயத்த தரை தொடுற வரைக்கும் விட்டு ஆழம் பாத்துட்டு, முள்ளு தரைலருந்து ஒரு சாண் மேல நிக்கிற மாதிரி தக்கைய ஏத்தி எறக்கி வைங்க. மண்புழுவ முழுசா கோக்காதீங்க, தொங்குற வாலத் தின்னுட்டு போயிடும், துண்டு போதும். மைதாவும் கடலைப் புண்ணாக்கும் பெசஞ்சும் போடலாம், அதுல கொஞ்சூண்டு பஞ்சு சேத்தா தண்ணில கரையாம நிக்கும். தவிட்ட ஈரமண்ணுல உருட்டி அப்பப்போ ஒரு உருண்டை போட்டுவிட்டா கூட்டம் கலையாது.

தக்கை துடிக்கிறப்போ இழுக்காதீங்க, அது சும்மா கொத்திப் பாக்குது. ஓரமா சாஞ்சு உள்ள போறப்போ மணிக்கட்டால லேசா ஒரு சுண்டு, அவ்ளோதான். மத்தியானம் கடி கொறைஞ்சா கரையோரத்த விட்டு ஆழத்துக்கு மாறிப் பாருங்க.

முதுகு முள்ளு கைய கிழிச்சிடும், தலைலருந்து வால் பக்கமா தடவி முள்ள படிய வச்சுட்டு அப்புறம் புடிங்க. வாய் நெறைய முட்டையோ குஞ்சோ வச்சிருக்கிற பொட்ட மீன் வந்துச்சுன்னா திருப்பி விட்டுடுங்க, அத தின்னு என்ன ஆகப்போகுது. மத்தத ஐஸ்ல போடுங்க. வீட்ல ஆயுறப்போ வயித்துக்குள்ள கருப்பா ஒரு தோல் இருக்கும், அத சுரண்டி எடுத்துட்டு கல்லுப்பு மஞ்சத்தூள் போட்டு நல்லா தேச்சு கழுவிட்டா சேத்து வாடை அவ்வளவா தெரியாது.