புதுத் தொட்டியில் மீன் ஏன் சாகிறது? இரண்டடித் தொட்டிக்கு ஒரு கையேடு

வாங்கி வந்த கப்பி மீன்கள் முதல் நாள் துள்ளி விளையாடும். நான்காம் நாள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பத்தாம் நாளுக்குள் ஒவ்வொன்றாக மிதக்கும். நோய்வாய்ப்பட்ட மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் அவர் மேல் தப்பில்லை. தொட்டி இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை இடைவிடாமல் வெளியே விடுகிறது. தின்னாமல் கிடக்கும் தீனி அழுகினாலும் வருவது அம்மோனியாதான். நாள்பட்ட தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் 40 பி.பி.எம். (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) தாண்டாதவரை கவலையில்லை. இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் அதிகம் மிதப்பதில்லை. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் அடியிலுள்ள சரளைக்கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடையில் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்குபவர் இந்த ஆறு வாரத்தையும் மீனின் தலையில் ஏற்றுகிறார்.

கிண்ணம் வேண்டாம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி வாங்குங்கள். விளிம்பு வரை 56 லிட்டர் பிடிக்கும். கல்லும் மேலே விடும் இடமும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். சின்னத் தொட்டி பராமரிக்கச் சுலபம் என்பது தப்புக்கணக்கு. ஒரு சிட்டிகை தீனி கூடிப்போனால் 5 லிட்டர் கிண்ணம் ஒரே இரவில் கெடும், 45 லிட்டர் தாங்கும். நிரப்பிய தொட்டி 60 கிலோவைத் தாண்டும். ஆடாத மேசையில், அடியில் தெர்மாகோல் தகடு போட்டு, வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள்.

கூடவே வேண்டியவை: ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதை ஓட்டக் காற்றடிக்கும் ஆக்சிஜன் மோட்டார், ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு, தண்ணீரை உறிஞ்சி இறக்கும் சைபன் குழாய், தெர்மாமீட்டர், குளோரின் நீக்கும் சொட்டு, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றும் பார்க்கும் டெஸ்ட் கிட். வால்வு சில ரூபாய்தான். அது இல்லாமல் மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்தால், கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே இறங்கி மோட்டாரையும் தரையையும் நனைத்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த பிளக்கிலேயே மாட்டுங்கள். சின்ன மோட்டார் சில வாட்தான் இழுக்கும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மீனின் செவுளையும் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். திறந்த பக்கெட்டில் 24 மணி நேரம் வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் சொட்டு மருந்தை பாட்டிலில் போட்ட அளவுப்படி விடுங்கள். போர் தண்ணீரில் குளோரின் பிரச்சினை இல்லை, ஆனால் கடினத்தன்மை அதிகம், பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) பல இடங்களில் 8-ஐ ஒட்டியிருக்கும். அதில் ஒரு சிக்கல் உண்டு. கிட்டில் அம்மோனியா அதே அளவு காட்டினாலும், பி.எச். 7-இல் இருப்பதைவிட 8-இல் அதன் விஷ வடிவம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றிவிடலாம் என்று யோசிக்காதீர்கள். தாது உப்பே இல்லாத தண்ணீரில் பி.எச். ஓரிடத்தில் நிற்காது.

இப்போது தொட்டியைப் பழக்க வேண்டும். கல்லை வெறும் தண்ணீரில் கலங்கல் போகும்வரை அலசிப் போடுங்கள். சோப்பு ஒரு துளிகூடப் படக்கூடாது. தண்ணீர் நிரப்பி மோட்டாரை ஓட விடுங்கள், இனி அதை நிறுத்தவே வேண்டாம். மீன் இல்லாமலேயே தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள், அல்லது மெல்லிய துணியில் ஒரு சின்ன இறால் துண்டை முடிந்து தொங்க விடுங்கள். வீடு கொஞ்சம் மணக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்க இறங்க நைட்ரைட் ஏறும். தீனி விழுந்துகொண்டிருக்கும்போதே இரண்டும் பூஜ்யத்தில் நின்று, நைட்ரேட் காட்டினால் தொட்டி தயார். தெரிந்தவர் வீட்டில் ஆரோக்கியமான பழைய தொட்டி இருந்தால், அங்குள்ள அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கி வந்து போடுங்கள். காத்திருப்பு பாதியாகக் குறையும். அந்தப் பழுப்பு அழுக்கைவிட நல்ல பரிசு புதுத் தொட்டிக்கு இல்லை.

கடினத் தண்ணீருக்கு கப்பி, பிளாட்டி, மோலி மூன்றும் பொருந்தும். முதலில் நான்கு ஆண் கப்பி விடுங்கள். இரண்டு வாரம் கிட் பூஜ்யம் காட்டினால் இன்னும் மூன்று, நான்கு சேர்க்கலாம். ஆணும் பெண்ணும் கலந்து வாங்கினால் மாதத்துக்கு ஒரு ஈடு குஞ்சு. ஆறு மாதத்தில் தொட்டி சந்தைக்கடை ஆகிவிடும். ஃபைட்டர் மீன் வேண்டுமென்றால் அதை மட்டும் தனியாக. கோல்டு ஃபிஷ் இந்தத் தொட்டிக்கு ஆகாது: அரை அடிக்கு மேல் வளரும், கழிவும் ஏராளம். ‘பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும்’ என்று விற்கப்படும் சக்கர் மீனும் வேண்டாம். அது ஓர் அடியைத் தாண்டி வளரும். வைத்துக்கொள்ள முடியாமல் ஏரியில் விடப்பட்டவைதான் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலையைக் கெடுக்கின்றன.

மீனைக் கொண்டுவந்ததும் பையை அப்படியே 15 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரை ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

இனி, நம் ஊரில் மீன்களைக் கொல்லும் இன்னொரு பெரிய காரணம்: ஞாயிற்றுக்கிழமை சுத்தம். மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கல்லை வெயிலில் காயவைத்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்பி, நீல மருந்தும் சில சொட்டு விடுவது. தொட்டி பளபளக்கும். வாரக்கணக்கில் வளர்த்த பாக்டீரியா அத்தனையும் போயிருக்கும். அந்த நீல மருந்தான மெத்திலீன் புளூவும் பாக்டீரியாவைக் கெடுக்கும். மறுநாளிலிருந்து அது மறுபடி புதுத் தொட்டி.

இப்படிச் செய்யுங்கள். வாரம் ஒரு முறை சைபன் குழாயைக் கல்லுக்குள் குத்தி, அழுக்கோடு 11 லிட்டர், அதாவது கால் பங்கு, பக்கெட்டுக்கு இறக்குங்கள். மீன் தொட்டியிலேயே இருக்கட்டும். மாதம் ஒரு முறை ஸ்பாஞ்சைக் கழற்றி, அந்த அழுக்குத் தண்ணீரிலேயே இரண்டு, மூன்று தடவை பிழிந்து மாட்டுங்கள். குளோரின் போன, அதே சூட்டில் உள்ள தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பக்கெட் தண்ணீர் செடிக்கு நல்ல உரம்.

தீனி ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோகும் அளவு. மீன் எப்போதும் பசித்ததுபோல் கண்ணாடிக்கு வரும்; அதை நம்பினால் தொட்டி நாறும். லைட் எட்டு மணி நேரம் போதும்.

மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால், எப்போது என்று பாருங்கள். தண்ணீர் மாற்றிய சற்று நேரத்தில் என்றால் குளோரின். உடனே சொட்டு மருந்து. கரண்ட் போன பிறகு அல்லது மே மாத மதியத்தில் என்றால் ஆக்சிஜன் குறைவு. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும் ஆக்சிஜன், 32 டிகிரியில் 7 சொச்சம்தான். மூடியைத் திறந்து, ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீரின் மேல் காற்று படும்படி வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்ட மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் சரி, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது அல்லவா? நேரம் காலம் இல்லாமல் நாள் முழுக்க மூச்சு வாங்கினால் கிட்டை எடுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ காட்டினால் பாதித் தண்ணீரை மாற்றி, இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். நைட்ரைட் என்றால் லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைக் கரைத்து விடுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கும்.

உடலில் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது ஒட்டுண்ணி. மீன் உடலில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது; உதிர்ந்து, பெருகி, நீந்தி வரும்போதுதான் சாகும். அதனால் புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்துபவருக்கு ஒரு வாரத்தில் மறுபடி வரும்.

வெளியூர் போகும்போது, வளர்ந்த ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் தீனி இல்லாமல் தாராளமாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்தால், தீனி டப்பாவை மட்டும் எடுத்து ஒளித்துவைத்துவிட்டுப் போங்கள்.