ராகியா, கேழ்வரகா, கேப்பையா? கூகுள் ட்ரெண்ட்ஸில் வாங்குபவர் மனசைத் தேடுவது எப்படி

கோவில்பட்டியில் என் மதினி வீட்டிலேயே சிறுதானிய மாவு அரைத்து விற்கிறார். கம்பு, குதிரைவாலி, கேப்பை, எல்லாம் கலந்த சத்துமாவு. அக்கம்பக்கத்தில் நன்றாகவே போகிறது. ஆன்லைனில் போட்டு ஆறு மாதமாகியும் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆர்டர். "மாவுல குறையா, விலையில குறையா, என்னன்னு கொஞ்சம் பாருங்க தம்பி" என்றார். பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். 'கேப்பை மாவு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எங்கள் பக்கம் அதுதான் பேச்சு. சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர் அந்தச் சொல்லைப் போட்டா தேடுவார்?

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க நான் செய்ததை அப்படியே படிப்படியாக எழுதுகிறேன். காசு செலவில்லை. கூகுள் ட்ரெண்ட்ஸ் இலவசம். ஒரு சொல்லை மக்கள் கூகுளில் எப்போது, எங்கே, எவ்வளவு தேடினார்கள் என்று கோடாக வரைந்து காட்டும் கருவி அது. 2006-இல் வந்தது, 2004 முதலான தேடல்களைக் காட்டும். நீங்கள் விற்பது சேலையோ ஏர் கூலரோ எதுவானாலும் வழி இதுதான்.

படி 1: கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள்

முதலில் ஒரு தாள், ஒரு பேனா. உங்கள் பொருளுக்கு எத்தனை பேர் உண்டோ அத்தனையையும் எழுதுங்கள். என் பட்டியல் இப்படிப் போனது: கேப்பை, கேழ்வரகு, ராகி, ஆரியம். இலங்கைத் தமிழர் குரக்கன் என்பார்கள். மும்பையில் நாச்சணி. ஆங்கிலத்தில் ஃபிங்கர் மில்லட்.

அடுத்து, ஒவ்வொன்றையும் தமிழ் எழுத்தில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை எழுதுங்கள். நம் ஆட்களில் பெரும்பாலோர் தமிழ்ச் சொல்லையும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். அதிலும் கேழ்வரகு மாதிரி சொல் வந்தால் 'ழ' படுத்தும் பாடு கொஞ்சமல்ல. ஒருவர் எல் போடுவார், இன்னொருவர் இசட்-எச் போடுவார். கூகுள் ட்ரெண்ட்ஸுக்கு இவை இரண்டும் வேறு வேறு சொற்கள்.

இந்தத் தாளுக்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். உங்களுக்குத் தெரிந்த பெயர்கள் போதாது. வேறு ஊர்க்காரர் நாலு பேரிடம் பாக்கெட்டைக் காட்டி "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்று கேளுங்கள். நான் பார்த்த வரையில், தரவு தப்பாக வருவதில் பாதி இந்த இடத்தில் சோம்பல் படுவதால்தான்.

படி 2: நான்கு பெட்டிகள்

கூகுளில் 'கூகுள் ட்ரெண்ட்ஸ்' என்று தேடித் திறங்கள். 'எக்ஸ்ப்ளோர்' பக்கத்துக்குப் போய் முதல் சொல்லை இடுங்கள். பக்கத்தின் அமைப்பை அவ்வப்போது மாற்றுவார்கள். ஆனால் நான்கு தேர்வுகள் எங்காவது இருக்கும்: எந்த இடம், எந்தக் காலம், எந்த வகை, எந்தத் தேடல்.

இடத்தை முதலில் சரி செய்யுங்கள். 'உலகம் முழுவதும்' என்று கிடந்தால் வம்பு. ஆங்கில எழுத்தில் ராகி என்று போட்டால், இந்தோனேசிய மொழியில் அதே எழுத்துகளுக்கு ஈஸ்ட் என்று பொருள். அங்கே ரொட்டி சுடுபவர்கள் தேடியதெல்லாம் உங்கள் கோட்டில் கலந்துவிடும். இந்தியா என்று சுருக்கினாலும் பஞ்சாபில் குருத்வாராவில் கீர்த்தனை பாடுபவர்களுக்கு ராகி என்றே பெயர். மதினியின் மாவுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? ஆகவே தமிழ்நாடு என்று வையுங்கள். பிறகு தேவைப்பட்டால் கர்நாடகம் என்று மாற்றிப் பாருங்கள்.

காலத்துக்கு 'கடந்த 5 ஆண்டுகள்'. வகையில் உணவு என்று இருப்பதைத் தேர்ந்தால் கொஞ்சம் வடிகட்டும். நான்காவதை இப்போதைக்கு 'வெப் சர்ச்' என்றே விட்டுவிடுங்கள்.

படி 3: சொல்லா, பொருளா?

சொல்லைத் தட்டும்போதே கீழே ஒரு பட்டியல் விரியும். அதில் 'சர்ச் டேர்ம்' என்று ஒன்று இருக்கும். அதே பெயர் 'டாபிக்' என்றோ, தானியம், பயிர் என்றோ இன்னொரு முறையும் வரலாம். முதலாவது நீங்கள் தட்டிய எழுத்துகளை மட்டும் பார்க்கும். எழுத்துப் பிழையையும் மாற்றுப் பெயரையும் சேர்க்காது. இரண்டாவது அந்தப் பொருளையே பார்க்கும், எந்த மொழியில் எந்தப் பெயரில் தேடினாலும் கூகுளுக்குப் புரிந்த வரையில் ஒன்றாகக் கூட்டும்.

இந்தத் தானியத்தில் மக்களுக்கு ஆர்வம் கூடுகிறதா என்று கேட்டால் டாபிக். பாக்கெட்டில் எந்தப் பெயரைப் போடுவது என்று கேட்டால் சர்ச் டேர்ம். எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். 'கேப்பை மாவு', 'கேழ்வரகு மாவு', 'ராகி மாவு', ஆங்கில எழுத்தில் 'ராகி ஃப்ளோர்' என்று நான்கையும் 'கம்பேர்' பொத்தான் வழியாக அடுத்தடுத்துச் சேர்த்தேன். கேப்பை மாவுக்குக் கோடே எழவில்லை. ஆங்கில எழுத்து ராகிதான் மேலே நின்றது. மதினியிடம் போனைக் காட்டினேன். "அப்ப நம்ம ஊருல கேப்பைய யாருமே திங்கலையாக்கும்?" என்றார். தின்கிறார்கள் மதினி, கடையில் கேட்டு வாங்குகிறார்கள், கூகுளில் கேட்பதில்லை.

சின்னச் சின்னக் குறிகள் இங்கே உதவும். இரண்டு சொற்களுக்கு நடுவில் கூட்டல் குறி போட்டால் இரண்டின் தேடலையும் சேர்த்து ஒரே கோடாகக் காட்டும். ழகரத் தகராறுக்கு இது மருந்து. கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் வரும் தேடல்களை விலக்கும். கம்பு என்று தேடுபவர்களில் சிலம்பக் கம்பு தேடுபவர்களும் உண்டல்லவா?

படி 4: அந்த 100 என்பது என்ன?

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். கோட்டின் உச்சியில் 100 என்று இருப்பதைப் பார்த்து "நூறு பேர் தேடியிருக்கிறார்கள்" என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் நினைத்தவன்தான்.

ஒரு சந்தையை எடுத்துக்கொள்வோம். சாதாரண நாளில் 100 பேர் வருகிறார்கள், 10 பேர் ராகி கேட்கிறார்கள். அதாவது நூற்றுக்குப் பத்து. திருவிழா நாளில் 1,000 பேர் வருகிறார்கள், 20 பேர் ராகி கேட்கிறார்கள். நூற்றுக்கு இரண்டு. ராகி கேட்டவர்கள் இரண்டு மடங்கு ஆகிவிட்டார்கள். ட்ரெண்ட்ஸ் என்ன காட்டும் தெரியுமா? முதல் நாளுக்கு 100, திருவிழா நாளுக்கு 20. அது பார்ப்பது பங்கை. அந்த இடத்தில் அந்த நேரத்தில் நடந்த எல்லாத் தேடல்களிலும் உங்கள் சொல்லுக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டு, அதிகமான பங்குக்கு 100 என்று வைத்து மற்றதை அதற்கு ஏற்பக் குறைக்கும்.

நம் நாட்டுக்கு இது மிகவும் பொருந்தும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் சந்தைக்கு வந்த கூட்டம் பல மடங்கானது. புதிதாக வந்தவர்கள் சினிமாவும் கிரிக்கெட்டும் தேடினால், ராகி தேடியவர் எண்ணிக்கை குறையாமலே ராகியின் பங்கு குறையும். 2004 முதல் இறங்கிக்கொண்டே வரும் கோட்டைப் பார்த்து "தொழில் போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று, ஒரே ஒரு பெரிய மலை மற்ற எல்லாவற்றையும் தரையாக்கிவிடும். ஆக்சிமீட்டர் என்று போட்டு நீண்ட காலத்துக்குப் பாருங்கள். கொரோனாக் காலம் மட்டும் எழுந்து நிற்கும், மற்ற ஆண்டுகள் தரையோடு தரையாகக் கிடக்கும். கபசுரக் குடிநீரும் அப்படித்தான். உங்கள் சொல்லிலும் அப்படி ஒரு மலை இருந்தால் அந்தக் காலத்தை விட்டுவிட்டுத் தேதிகளைத் தனியாகக் கொடுத்துப் பாருங்கள்.

பூஜ்யம் என்றால் யாருமே தேடவில்லை என்று பொருள் இல்லை, கணக்கில் காட்டும் அளவுக்கு இல்லை என்றுதான் பொருள். கூகுள் எல்லாத் தேடலையும் எண்ணுவதில்லை, ஒரு மாதிரியை எடுத்துத்தான் கணக்கிடுகிறது. அதனால் குறைவாகத் தேடப்படும் சொல்லுக்கு இன்று பார்த்த கோடும் நாளை பார்க்கும் கோடும் கொஞ்சம் வேறுபடும். கோட்டின் கடைசித் துண்டு புள்ளிப் புள்ளியாக இருந்தால் அந்த வாரம் இன்னும் முடியவில்லை என்று பொருள். அது கீழே விழுந்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

படி 5: மாதங்களைத் தேடுங்கள்

ஐந்து ஆண்டுக் கோட்டில் ஒவ்வொரு ஆண்டும் அதே மாதத்தில் மேடு வருகிறதா என்று பாருங்கள். ஏர் கூலருக்கு மார்ச் முதல் மே வரை வரும் மேட்டைச் சின்னப் பிள்ளையும் காட்டிவிடும். தானியத்தில் அவ்வளவு பளிச்சென்று இருக்காது. கோடையில் கம்பங்கூழ், ஆடியில் அம்மன் கோயில் கூழ் என்று நம் வழக்கத்தை வைத்து ஊகித்து, அந்த வாரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சி எந்த வாரம் என்பதைவிட ஏற்றம் எந்த வாரம் தொடங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சரக்கு அந்த வாரம் கையில் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு ஆண்டில் மட்டும் வரும் மேட்டுக்குக் காரணம் கேளுங்கள். 2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டை மட்டும் வைத்து யாராவது உங்களிடம் 'மில்லட் பிசினஸ்' கணக்குக் காட்டினால் முன்பின் ஆண்டுகளையும் கேட்டு வாங்குங்கள்.

(கூழ் என்று தனியாகப் போடாதீர்கள். யாழ்ப்பாணத்துக்காரருக்குக் கூழ் என்றால் நண்டும் இறாலும் மீனும் போட்ட ஒடியல் கூழ்.)

படி 6: வரைபடம்

கீழே ஒரு வரைபடம் நிறம் காட்டும், இடத்தை இந்தியா என்று வைத்தால் மாநிலவாரியாக, தமிழ்நாடு என்று வைத்தால் ஊர்வாரியாக. இதுவும் பங்குதான். அடர்ந்த நிறம் அதிக வாடிக்கையாளர் என்று சொல்லாது. இந்தியாவில் ராகி அதிகம் விளைவது கர்நாடகத்தில், களி அவர்கள் அன்றாடச் சாப்பாடு. அங்கே ஆர்வம் இருக்கும், ஆனால் போட்டியும் அதற்கேற்ப இருக்கும். மதினி கோவில்பட்டியிலிருந்து மைசூருக்கு ராகி மாவு அனுப்புவது திருநெல்வேலிக்கே அல்வா கொடுத்த கதை.

படி 7: கூடவே என்ன கேட்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி 'ரிலேட்டட் குவரீஸ்'. அதில் 'டாப்' என்பது வழக்கமாக அதிகம் தேடப்படுவது. 'ரைசிங்' என்பது சமீபத்தில் ஏறியது. சிலவற்றுக்குப் பக்கத்தில் 'பிரேக்அவுட்' என்று இருக்கும், 5,000 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது என்று பொருள். வாயைப் பிளக்க வேண்டாம். இரண்டு பேர் தேடியது நூற்றுச் சொச்சம் பேராக ஆனாலும் அது பிரேக்அவுட்தான்.

இங்கே வரும் சொற்களைத் தாளில் மூன்று குவியலாகப் பிரியுங்கள். விலை, கிலோ, அருகில் என்று வருபவை வாங்க வந்தவர்கள். தோசை, புட்டு, களி என்று வருபவை ஏற்கெனவே மாவு கையில் இருப்பவர்கள். குழந்தைக்கு, சர்க்கரைக்கு, எடை குறைய என்று வருபவை இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்கள். மூன்று பேருக்கும் ஒரே விளம்பரம் எழுதினால் யார் காதிலும் ஏறாது.

படி 8: தேடல் பெட்டியும் யூடியூபும்

மறைநிலைச் சன்னலில் (இன்காக்னிட்டோ) கூகுளைத் திறந்து, ராகி என்று தட்டி ஓர் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கீழே விரிவதை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அ, ஆ என்று ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள். இதையே யூடியூபிலும் செய்யுங்கள். சமையல் விஷயத்தில் நம் மக்கள் படிப்பதைவிடப் பார்ப்பதே அதிகம் என்பது என் எண்ணம். ட்ரெண்ட்ஸிலும் நான்காவது பெட்டியை 'யூடியூப் சர்ச்' என்று மாற்றினால் 2008 முதலான கோடு வரும்.

படி 9: நம்புவதற்கு முன்

மாதம் எத்தனை தேடல் என்ற எண்ணிக்கை வேண்டுமென்றால் கூகுள் விளம்பரக் கணக்கில் இருக்கும் கீவேர்ட் பிளானரைப் பாருங்கள். விளம்பரத்துக்குச் செலவிடாதவர்களுக்கு ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை என்பது போல அகலமாகத்தான் சொல்லும். பங்கையும் இந்த அகலத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

தேடுபவரெல்லாம் வாங்குபவர் இல்லை. கூகுளே இதில் அடி வாங்கியிருக்கிறது. காய்ச்சல் பற்றிய தேடல்களை வைத்து அமெரிக்காவில் ஃப்ளூ எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணிக்கும் 'கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்' 2008-இல் வந்தது. 2012-13 குளிர்காலத்தில் அது சொன்னது, அரசின் நோய்த் தடுப்பு மையம் கண்ட அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2015-இல் கணிப்பு வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். செய்தியைப் பார்த்துப் பயந்து தேடுபவருக்கும் காய்ச்சலோடு தேடுபவருக்கும் தேடல் பெட்டியில் வித்தியாசம் தெரிவதில்லை.

அதனால் நாங்கள் சின்னதாக ஒன்று செய்தோம். ஆன்லைன் தலைப்பை மட்டும் 'ராகி மாவு - கேழ்வரகு மாவு' என்று மாற்றினோம், ஆங்கில எழுத்திலும் சேர்த்து. மாவும் அதுதான், விலையும் அதுதான், படமும் அதுதான். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதனால் ஆர்டர் வந்தது என்று தெரியாது. ட்ரெண்ட்ஸ் பார்த்த தேதி, வைத்த இடம், காலம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அட்டவணையாகத் திறக்கும் சி.எஸ்.வி. கோப்பாகவும் அந்தத் தரவை இறக்கிக்கொள்ளலாம். எக்ஸெலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் கோணல்மாணலாக வரும், கூகுள் ஷீட்ஸில் திறங்கள்.

ஊரில் விற்கும் பாக்கெட்டில் மதினி கை வைக்க விடவில்லை. "கேப்பைன்னு கேட்டு வாரவுககிட்ட ராகின்னு குடுத்தா, என்னத்தையோ மாத்திக் குடுக்கான்னு நெனப்பாக" என்றார். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன். இப்போது கம்பை எடுத்திருக்கிறோம், கழித்தல் குறி சிலம்பத்தோடு.