ஊருக்குப் போனதும் அம்மாவின் பாலிசியைப் படியுங்கள்

தொண்டியோ தேவிபட்டினமோ கீழக்கரையோ, பெரிய வைத்தியம் என்றால் நம்மவர்கள் வாயில் வருவது மதுரைதான். ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்தும், நெஞ்சுவலிக்கு மதுரைக்கே வண்டி பிடிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். நான் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும்வரை அம்மா வலியை யாரிடமும் சொல்லவில்லை.

அட்மிஷன் போடும் இடத்தில் மாமா பிடிவாதமாக நின்றார். "பிள்ளை வெளிநாட்டுல இருக்கு, எங்க அக்காவைப் பொது வார்டுல போடுறதா? ஏசி ரூம் கொடுங்க." அங்கே இருந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார்கள்.

அம்மாவின் மருத்துவக் காப்பீட்டு பாலிசி 3 லட்சத்துக்கு. அறை வாடகைக்கு அதில் தருவது நாளுக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். மாமா கேட்ட அறை 6,000. கூடுதல் 3,000 மட்டும்தானே நம் கையிலிருந்து போகும் என்று நினைக்காதீர்கள். அறை வாடகை வரம்பைப் போல இரண்டு மடங்கு என்பதால், அதே கணக்கில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் காப்பீட்டு நிறுவனத்தார் பாதியை வெட்டிவிட்டார்கள். மருந்து, ஸ்டென்ட், பரிசோதனைச் செலவுகளில் அப்படி வெட்டக்கூடாது. பில்லை வரிவரியாகப் பார்த்துக் கேளுங்கள். மீதியைக் கட்ட அத்தையின் வளையல்கள் அடகுக்குப் போயின. அந்த ஏசியால் அம்மாவின் நெஞ்சுக்கு என்ன பலன்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் அறை வாடகை உச்சவரம்பு இல்லாத பாலிசியாகப் பாருங்கள். வயது 65 தாண்டியவர்களுக்கும் இப்போது புதிதாக எடுக்கலாம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்க வைப்பார்கள். அதற்குப் பயந்து சர்க்கரையை மறைத்தால் கிளெய்ம் நிற்காது.

பிரீமியம் கட்ட வழியில்லாத சொந்தங்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ தரும் வருமானச் சான்று வேண்டும். பதிவு கலெக்டர் ஆபீஸில். கடலுக்குப் போகிறவர்களுக்கு இதற்கெல்லாம் அலைய ஏது நேரம்? விருந்துகளுக்கு நடுவே ஒரு நாளை ஒதுக்கி நீங்களே அழைத்துப் போங்கள். பணம் அனுப்புவது மட்டும் போதாது என்று அந்த வரிசையில் நின்றபோது பட்டது.

அப்புறம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உங்களுக்கே விபத்து நேர்ந்தால் 108. 2021 முதல் நடக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும்தான். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள்.