டிடபிள்யூ ரீசைக்கிளை சர்வர்ல இருந்து தூக்குறது எப்படி

டிடபிள்யூ ரீசைக்கிள்ங்குறது முடிஞ்ச டிசிபி கனெக்‌ஷன சீக்கிரம் துடைக்கச் சொல்ற லினக்ஸ் செட்டிங். உங்க சர்வர்ல லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) 4.12க்கு முந்தினதா இருந்தா இத கண்டிப்பா பாருங்க. கெர்னல் செட்டிங் எழுதி வைக்குற சிஸ்சிடிஎல் கான்ஃப் ஃபைல்ல டிசிபி டிடபிள்யூ ரீசைக்கிள் 1னு இருந்தா அந்த வரிய அழிச்சிடுங்க. டைம் வெயிட் சாக்கெட் (முடிஞ்சும் கொஞ்ச நேரம் காத்திருக்குற கனெக்‌ஷன்) சீக்கிரம் காலியாகும்னு நம்பி வச்சது தான், ஆனா ஒரே ரவுட்டர் பின்னாடி பத்து போன் இருந்தா வெளிய எல்லாத்துக்கும் ஒரே ஐபி அட்ரஸ் தான், ஆனா ஒவ்வொண்ணோட டைம்ஸ்டாம்ப்பும் (பாக்கெட்ல வர்ற நேர எண்) வேற வேற, சர்வர் எல்லாத்தையும் ஒரே மெஷின்னு நெனச்சு சின்ன டைம்ஸ்டாம்ப்போட வர்ற சின் பாக்கெட்ட (கனெக்‌ஷன ஆரம்பிக்க வர்ற முதல் பாக்கெட்) சத்தமில்லாம தூக்கி எறிஞ்சிரும், ஒருத்தருக்கு சைட் திறக்கும், பக்கத்துல இருக்கவருக்கு சுத்திக்கிட்டே இருக்கும், பாவம்.

வரிய அழிச்சா மட்டும் பத்தாது, ஓடிட்டிருக்குற மதிப்பையும் சிஸ்சிடிஎல் மைனஸ் டபிள்யூ கமாண்ட் போட்டு 0 ஆக்குங்க. அப்புறம் நெட்வொர்க் கணக்கு காட்டுற நெட்ஸ்டாட் மைனஸ் எஸ் கமாண்ட்ல டைம்ஸ்டாம்ப்னால ரிஜெக்ட் ஆன கனெக்‌ஷன் எண்ணிக்கை ஏறாம நிக்குதான்னு பாருங்க. 2017ல கெர்னல்ல இருந்தே இத தூக்கிட்டாங்க, அதனால அப்கிரேடு பண்றது தான் நல்லது.